சுக்கு மிட்டாய்க்காக பீன்யாவுக்கு நாலு நடை

போன வாரம் புதன்கிழமை சாயங்காலம்தான் முதல் நல்ல மிட்டாய் என் கைக்கு வந்தது. அதற்குள் மூன்று நடை வீண், இரண்டாயிரம் லேபிள் குப்பை, எழுபது கிலோவுக்குக் கிட்ட சரக்கு நாசம். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால் பாதி மறந்துபோகும்.

அப்பாவுக்கு சுகர் வந்து பதினோரு வருஷம். வாயில் எதையாவது அடக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. அவருக்காகத்தான் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஐசோமால்ட் என்கிற இனிப்பு மாவில் சுக்கு மிட்டாய் செய்ய ஆரம்பித்தேன். பெங்களூர் ஸ்ரீராமபுரத்து வீட்டு அடுப்பில், இரும்புச் சட்டியில், கொஞ்சம் தண்ணீர் விட்டு 160 டிகிரிக்கு மேல் காய்ச்சி ஊற்றினால் கண்ணாடி மாதிரி வரும். கல்கோனா அளவுக்குக் கெட்டி. அக்கம்பக்கம் வாங்க ஆரம்பித்தார்கள், அப்புறம் இரண்டு மருந்துக் கடைக்காரர்கள் மாசம் நூறு கிலோ கேட்டார்கள். சட்டியில் நூறு கிலோ காய்ச்சினால் கை இருக்காது. "எக்ஸ்ட்ரூடர்ல போட்டா தண்ணியே வேண்டாம், மாவாப் போட்டு மிட்டாயா எடுத்துடலாம்" என்று ஒருத்தர் சொன்னார். எக்ஸ்ட்ரூடர் என்றால் சூடான குழாய்க்குள் ஸ்க்ரூ சுழன்று, மாவை உருக்கிப் பிசைந்து முனை வழியாகத் தள்ளும் மிஷின்; அந்தக் குழாய்தான் பேரல், முனைதான் டை. அவர் சொன்னது தப்பில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, அதற்குத்தான் இவ்வளவு அழுகை.

லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் ஆன்லைனில் சிக்கலில்லாமல் முடிந்தது. பீன்யா தொழிற்பேட்டையில் மணிக்கணக்குக்கு மிஷின் வாடகைக்கு விடும் ஒரு யூனிட்டும் கிடைத்தது. சோளப் பஃப் போடும் இரட்டை ஸ்க்ரூ மிஷின். முதலாளி கன்னடக்காரர், எதைக் கேட்டாலும் "ஆகுத்தே மேடம்", அதாவது ஆகும் மேடம், என்பார். ஆபரேட்டர் தம்பி கிருஷ்ணகிரிப் பக்கம். இந்தக் கதையில் எனக்கு உருப்படியாக உதவியவன் அவன் ஒருத்தன்தான்.

முதல் நடை என் தப்பு, பாதி வியாபாரி தப்பு. வீட்டுக்கு எப்போதும் ஒரு கிலோ பாக்கெட்டாக வாங்குவேன். இந்தத் தடவை சிக்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் 25 கிலோ மூட்டை சொன்னேன். "சுகர் ஃப்ரீ மிட்டாய்க்கு எல்லாரும் இதுதாம்மா கொண்டுபோறாங்க" என்று ஏற்றிவிட்டார்கள். மூட்டையோடு மெட்ரோவில் போக முடியுமா, ஆட்டோதான். மிஷினில் போட்டால் நூறு டிகிரியைத் தாண்டினதுமே தண்ணீர் மாதிரி ஓடியது. சரி, ஆறினால் கெட்டியாகும் என்று காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஜவ்வு மிட்டாய் மாதிரி விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. தம்பிதான் மூட்டையைத் திருப்பிப் பார்த்து, "அக்கா, இதுல 420ன்னு போட்டிருக்கே" என்றான். உணவில் சேர்க்கும் இந்த மாதிரிப் பொருளுக்கெல்லாம் ஒரு எண் உண்டு, ஐசோமால்ட்டுக்கு 953. 420 என்றால் சார்பிட்டால். இரண்டும் வெள்ளை மாவு, இரண்டும் இனிப்பு, நாக்கில் வைத்தால்கூட எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஐசோமால்ட் பாகு அறுபது டிகிரிக்குக் கீழே வந்தாலே கண்ணாடியாக இறுகிவிடும். சார்பிட்டால் பாகு அப்படி இறுக கிட்டத்தட்ட பனிக்கட்டி உறையும் குளிர் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எந்தக் காலத்திலும் மிட்டாய் ஆகாது. மால்டிட்டால் என்றால் 965, எரித்ரிட்டால் 968, சைலிட்டால் 967. கடையில் நின்றுகொண்டே எண்ணைப் படியுங்கள், கடைக்காரர் வாயைப் பார்க்காதீர்கள். திருப்பிக் கொடுக்கப் போனால், "மூட்டை பிரிச்சாச்சும்மா" என்று ஒரே வார்த்தை.

இரண்டாவது நடைக்கு 953 என்று போட்ட மூட்டையைத்தான் வாங்கினேன். மூன்று தடவை படித்தேன். விலை சர்க்கரையைப் போல பத்து மடங்கு, கை நடுங்கத்தான் செய்தது. ஹாப்பரில், அதாவது மாவு போடும் புனலில், கொட்டிய பத்தாவது நிமிஷம் மாவு இறங்கவில்லை. வாய்க்குக் கீழே சூடு ஏறி, மாவு இளகி, பாலம் மாதிரி கட்டிக்கொண்டு நின்றது. சோளக் குருணைக்கு அது பிரச்சினையே இல்லையாம், அதனால் அந்த முதல் பகுதியில் குளிர்தண்ணீர்க் குழாயை யாரும் திறந்ததே கிடையாது. திறந்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் டையில் கயிறு வந்தது பாருங்கள், அந்த ஒரு சாண் நீளத்துக்கு என் ஜென்மம் சாபல்யம். தெளிந்த நெய் நிறம். வாயைத் திறப்பதற்குள் அந்தக் கயிறு அங்கேயே உப்ப ஆரம்பித்தது. வெள்ளையாகி, பஞ்சாகி, கட்டைவிரல் தடிமன் கைமணிக்கட்டு தடிமன் ஆயிற்று. ஆறினதை எடுத்துக் கடித்தால் நொறுக்கென்று உடைந்து காணாமல் போகிறது. மிட்டாய் கேட்டால் பொரி வந்திருக்கிறது! முதலாளி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "சூப்பர் மேடம், இதையே வித்துடுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் மணிக்கணக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருந்ததே. வேகத்தைக் குறைத்தோம், சூட்டை ஏற்றினோம், இறக்கினோம். மூட்டை காலியாகும் வரை பொரிதான்.

அன்று ராத்திரி மூட்டையோடு வந்த ஸ்பெக் தாளை, அதாவது சரக்கின் தர விவரத் தாளை, எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், தெரியும். அதில் ஒரு வரி: ஈரம், அதிகபட்சம் 7 சதவீதம். ஐசோமால்ட்டில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது, அதில் ஒன்று படிகமாகும்போதே தண்ணீரைத் தனக்குள் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. கையில் எடுத்தால் பொலபொலவென்று காய்ந்த மாவு. ஆனால் ஐந்து சதவீதம் என்று வைத்தாலும் 25 கிலோ மூட்டைக்குள் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர்! அடுப்பில் சட்டி திறந்திருக்கிறது, ஆவி தானாகப் போய்விடுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. பேரலுக்குள் அது எங்கே போகும்? அழுத்தத்தில் அடங்கிக் கிடந்துவிட்டு, டையை விட்டு வெளியே வந்த நொடியில் ஆவியாகப் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. சோளப் பஃப் பொரிவதும் இதே வித்தைதான். அந்த மிஷினுக்கு வேலையே பொரிய வைப்பது. அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, நான்தான் புரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேரலின் நடுவில் ஆவி போக ஒரு வென்ட் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். முதலாளியிடம் கேட்டால் "எல்லா இதே மேடம்", எல்லாம் இருக்கிறது என்கிறார். இருந்தது, மூடி போட்டு போல்ட் முறுக்கி, மேலே பெயின்ட்டும் அடித்து. மிஷின் வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஹெச்பி எவ்வளவு, ஸ்க்ரூ நீளம் எவ்வளவு என்பதை அல்ல. வென்ட் திறந்திருக்கிறதா, கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்பதை. "ஆகுத்தே" என்றால் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது நடையில் வென்ட்டைத் திறந்தோம். பாகு ஆவியோடு சேர்ந்து அந்த ஓட்டை வழியாகவே மேலே ஏறி வழிய ஆரம்பித்தது. "அக்கா, பொங்கிடுச்சு" என்று தம்பி கத்துகிறான், குலவை போடாத குறைதான். காரணம் அவனே கண்டுபிடித்தான். வென்ட்டுக்கு நேர் கீழே ஸ்க்ரூவில் பிசையும் கட்டைகள் கோத்திருந்தார்கள், அதனால் அந்த இடத்தில் பேரல் கழுத்து வரை நிரம்பி நிற்கிறது. அங்கே மரை அகலமான துண்டு இருந்தால்தான் பாகு பாதி அளவில் ஓடும், மேலே ஆவிக்கு இடம் கிடைக்கும். ஸ்க்ரூவை உருவி, துண்டுகளைக் கழற்றி, மாற்றிக் கோக்க இரண்டரை மணி நேரம். அவர்கள் மிஷினைச் சரிசெய்ததற்கு என் பில்லில் இரண்டரை மணி நேரம்.

மறுபடி ஓட்டி, கயிறு உப்பாமல் வர ஆரம்பித்து, நான் அம்மாவுக்கு போன் போடலாம் என்று எடுக்கிறேன், கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஆபீஸ் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தானாம். பாகு ஆறினால் கண்ணாடி என்று சொன்னேன் அல்லவா, பேரலுக்குள்ளும் அதே கண்ணாடிதான், இரண்டு ஸ்க்ரூவையும் சேர்த்து வார்த்த மாதிரி பிடித்துக்கொண்டது. கரண்ட் வந்ததும் முதலாளி மோட்டாரைப் போடச் சொன்னார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான், "ஷாஃப்ட் முறுக்கிக்கும் சார், நான் போட மாட்டேன்." ஹீட்டரை மட்டும் போட்டு 140 வரை ஏற்றி, கையால் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்து, இளகின பிறகு மெதுவாக ஓட்டி வெளியே தள்ளினான். அப்புறம் சூடு குறைந்ததும் டையைக் கழற்றி வெந்நீர். என்ன இருந்தாலும் மிட்டாய் தண்ணீரில் கரைந்துவிடும், பிளாஸ்டிக்காக இருந்தால் அன்று அந்த மிஷின் கதை முடிந்திருக்கும். நாள் முடிந்தது, நாலு கிலோ மிட்டாய்கூடத் தேறவில்லை.

இதற்கு நடுவில் லேபிள். அச்சடித்துக் கொடுத்தவர் முன்னால் வைத்து "சுகர் ஃப்ரீ" என்று பெரிதாகப் போட்டுவிட்டார், அது சரி, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாலியால், அதாவது ஐசோமால்ட், சார்பிட்டால் மாதிரி இனிப்பு வகை, 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், வயிறு இளகக்கூடும் என்கிற எச்சரிக்கை கட்டாயம். அதை விட்டுவிட்டார். "சின்ன எழுத்துதானே மேடம், யார் படிக்கப்போறா" என்கிறார். அந்த எச்சரிக்கை எவ்வளவு உண்மை என்பதற்கு யூனிட்டில் எடுபிடியாக இருக்கும் பையனே சாட்சி. பொரிந்த மிட்டாயைக் கை கையாக அள்ளித் தின்றவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. இரண்டாயிரம் லேபிளையும் கிழித்துப் போட்டேன்.

நாலாவது நடைக்கு கரண்ட் நிலவரம் விசாரித்துவிட்டுப் போனேன். வென்ட்டில் ஒரு சின்ன வேக்குவம் பம்ப் மாட்டினோம். எங்களுக்கு ஒத்துவந்த கணக்கு இது: வாயில் குளிர்தண்ணீர், நடுவில் 160, வென்ட்டைத் தாண்டினதும் படிப்படியாக இறக்கி டையில் 115. சுக்குப் பொடியை முன்னால் மாவோடு கலந்து போட்டதில் கருகிக் கசந்தது, அதனால் இந்தத் தடவை வென்ட்டுக்கு அப்புறம் இருக்கும் பக்க வாயில், எலுமிச்சை உப்போடு சேர்த்துப் போட்டோம். வாசனை எதுவாக இருந்தாலும் வென்ட்டுக்குப் பின்னால்தான். முன்னால் போட்டால் ஆவியோடு போய் பீன்யா முழுக்க மணக்கும், மிட்டாயில் இருக்காது. ஐசோமால்ட்டின் இனிப்பு சர்க்கரையில் பாதிதான், கூட்டுவதற்கு சூட்டைத் தாங்கும் அசெசல்ஃபேம் கே என்கிற செயற்கை இனிப்பு கொஞ்சம்.

கயிறு வந்தது. உப்பவில்லை. தம்பி திரையில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கு அந்த எண்களில் நம்பிக்கை போய் நாளாயிற்று. அம்மா அதிரசப் பாகுக்கும் பொரி உருண்டைப் பாகுக்கும் பதம் பார்ப்பது போல, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். எடுத்து எவர்சில்வர் தட்டில் தட்டினால் 'டங்'. இன்னொன்று போட்டேன், 'டங்'. தம்பி சிரிக்கிறான், எனக்குக் கண்ணில் தண்ணீர்.

மிச்சமெல்லாம் சுளுவு. கயிற்றை ஸ்டீல் மேஜையில் பூரி மாவுப் பதம் வரும் வரை ஆறவிட்டு, பழைய மிட்டாய்க்காரர் ஒருவரிடம் வாங்கிய பித்தளை உருளையில் கொடுத்து எடுத்தோம். சர்க்கரைப் பாகை விட இது மெதுவாகத்தான் ஆறுகிறது, அவசரப்பட்டால் பித்தளைக் குழியிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். சாம்பிளை லேபில் கொடுக்கும்போது ஈரத்தை கார்ல் ஃபிஷர் முறையில், அதாவது ரசாயனம் விட்டு தண்ணீரை மட்டும் அளக்கும் முறையில், பார்க்கச் சொல்லுங்கள், ஓவனில் காயவைத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் மாட்டிய தண்ணீர் முழுக்க வெளியே வராது. எனக்கு 1.4 சதவீதம் வந்தது. மழைக்காலமாக இருந்தால் அன்றைக்கே, ஏசி போட்ட அறையில் சுற்றிவிடுங்கள். ஒரு தட்டை மூடாமல் ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், காலையில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்பா ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, "காரம் பத்தலையே" என்றார். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கிடையாது என்று டப்பாவை மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அந்த 420 மூட்டை இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது, பதினெட்டு கிலோ இருக்கும். யாருக்காவது உபயோகப்படும் என்றால் ஸ்ரீராமபுரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஆட்டோ காசு மட்டும் உங்களுடையது.