உரிமக் கட்டணத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள்

நான் வேட்டையாடுபவன் அல்லன். அமெரிக்காவில் என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், வாத்து வேட்டைப் பருவம் தொடங்குமுன் அஞ்சல்தலை போன்ற வில்லை ஒன்றை மேசைமேல் வைத்து, அதன் முகப்பின் குறுக்கே மையால் கையெழுத்திட்டார். வாத்து வேட்டைக்கான அனுமதியாக ‘டக் ஸ்டாம்ப்’ எனப்படும் அந்த வில்லை 1934-இல் ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. இன்று அதன் விலை 25 டாலர். அந்தத் தொகையில் 98 விழுக்காடு நீர்ப்பறவைகளின் வாழிடத்தை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் செலவாகிறது.

இதைவிட என் கவனத்தைக் கவர்ந்தது 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான உற்பத்தி வரியை வனவிலங்குப் பணிகளுக்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அச்சட்டம் ஒரு நிபந்தனையையும் விதிக்கிறது: வேட்டை உரிமக் கட்டணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறெதற்கும் திருப்புவதில்லை என்று மாநிலம் தானே சட்டம் இயற்றியிருக்க வேண்டும், மீறினால் கூட்டாட்சி நிதிக்கான தகுதியை இழக்க நேரிடும். நிதிநெருக்கடியில் அந்தப் பணத்தின்மீது அரசு கண்வைக்கும்போது, “எங்கள் கட்டணம் எங்கே போகிறது?” என்று உரிமம் பெற்றவர்கள் கேட்பதற்கு இந்த நிபந்தனையே பலம் தருகிறது. பொதுப்பணத்துக்கு இவ்வளவு இறுக்கமான காவல் கிடைப்பது அரிது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அந்நிதியின் பங்கீட்டில் பாதி மாநிலத்தின் பரப்பளவைப் பொறுத்தும், மறுபாதி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் அமைவதால், உரிமதாரரையே தன் வாடிக்கையாளராகத் துறை காணத் தொடங்கும் அபாயம் உண்டு. யாரும் வேட்டையாடாத தவளைக்கும் சிறு பறவைக்கும் பரிந்து பேச அந்தத் துறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. வனவிலங்கு மக்கள் அனைவரின் பொதுச்சொத்து என்பது அந்நாட்டுச் சட்ட மரபு. எனவே கணக்குக் கேட்கும் உரிமை கட்டணம் செலுத்தியவரோடு நின்றுவிடக் கூடாது.

வேட்டைக்காரர்களும் கணக்குக் கொடுக்கிறார்கள். கணக்கெடுப்புக்குத் தேர்வாகும்போது, சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஓர் இறக்கையையும் உறையிலிட்டு அனுப்புகிறார்கள். அதன் இறகுகளைக் கொண்டே இனம், வயது, பால் ஆகியவற்றை உயிரியலாளர்கள் கண்டறிகிறார்கள். இத்தகைய தரவுகளையும் வைத்தே நாளொன்றுக்கு எத்தனை பறவைகளைச் சுடலாம் என்ற வரம்பு முடிவாகிறது. நண்பரின் மேசையில் அத்தகைய உறை ஒன்றும் இருந்தது. வரம்பு அறிவிப்பு வந்ததும் அதை வரிவரியாகப் படிப்பேன் என்றார்.