அட்டையின் பின்பக்கம்

பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தில் நான் சேர்ந்தபோது கொடுத்த முதல் வேலை, அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அட்டை. முன்பக்கத்தில் அச்சடித்த கட்டங்கள்: பார்ட் நம்பர், எந்த வண்டி, எந்த ரேக், எத்தனை இருப்பு. பின்பக்கம் வெறும் தாள்தான். ஆனால் முப்பது வருடமாக ஸ்டோரைப் பார்த்துவந்த பெரியவர், அதில் பென்சிலால் ஏதேதோ எழுதி வைத்திருந்தார். முன்பக்கத்தை மட்டும் ஏற்றினால் போதும் என்றார்கள். அப்படியே ஏற்றினேன். சில ஆயிரம் அட்டைகள், நான்கு மாதம்.

முதல் அடி பூஜ்ஜியத்தில் விழுந்தது. ஃபோக்ஸ்வாகன் பார்ட் நம்பர் மும்மூன்று இலக்கமாக ஒன்பது இலக்கம் வரும். எஞ்சின் பாகங்களில் 021, 043 என்று பூஜ்ஜியத்தில் தொடங்குபவை நிறைய. ஸ்ப்ரெட்ஷீட் அதைத் தொகை என்று எண்ணிக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டது. ஒன்பது இலக்கம் எட்டானது. வாடிக்கையாளர் சரியான நம்பரைச் சொல்லிக் கேட்பார், திரை ‘இல்லை’ என்று காட்டும், பொருள் ரேக்கில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். இப்படி எத்தனை பேரை வெறுங்கையோடு அனுப்பினோம் என்று கணக்கில்லை. பார்ட் நம்பர் எண் அல்ல, பெயர். அதைக் கூட்டவும் மாட்டோம், பெருக்கவும் மாட்டோம். ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். போன பூஜ்ஜியம் தானாகத் திரும்பி வராது என்பதால் மறுபடி அட்டைகளிடமே போக வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொன்றும் செய்தோம். பெட்டியில் அச்சிட்டபடி ஒரு நம்பர், இடைவெளியும் கோடும் நீக்கித் தேடுவதற்கு ஒரு நம்பர் என்று இரண்டு வைத்தோம். யார் எப்படி அடித்தாலும் பொருள் கிடைத்தது.

அதெல்லாம் சரிசெய்யக்கூடிய தவறு. என்னை யோசிக்க வைத்தது ஒரு கிளட்ச்.

ஒருவர் தன் 1959 மாரிஸ் மைனர் என்ற ஆங்கிலேயக் காருக்குக் கிளட்ச் தட்டு கேட்டிருந்தார். வண்டியையும் வருடத்தையும் போட்டேன். அந்த வருடம் 948 சிசி எஞ்சின், கிளட்ச் 6¼ அங்குலம். இருப்பும் இருந்தது, அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. அவருக்குத் தேவைப்பட்டது 7¼ அங்குலம். கியர்பாக்ஸை இறக்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. வண்டி அரைகுறையாகப் பத்து நாள் ஜாக்கி மேல் நின்றதாம்.

நான் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதிலும் பிழையில்லை. பெரியவர் திரும்பி வந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எஞ்சின் நம்பர் 9-ல தொடங்குதா, 10-லயான்னு கேட்டியா தம்பி?”

கேட்கவில்லை. மைனரில் 948 சிசி எஞ்சின் நம்பர் 9-ல் தொடங்கும். 1962-ல் வந்த 1098 சிசி நம்பர் 10-ல் தொடங்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், பழைய எஞ்சின் தேய்ந்துபோன பல வண்டிகளில் பெரியதைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியிலும் யாரோ எப்போதோ அதைத்தான் செய்திருக்கிறார்கள். இப்போதைய உரிமையாளருக்கு அது தெரியாது. பெரியவர் அந்தக் கிளட்ச்சின் அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். “வருஷத்தை நம்பாதே. எஞ்சின் நம்பர் கேள்.” மங்கிய பென்சில் எழுத்து. அந்த அட்டையை ஏற்றியது நான்தான்.

கம்பெனி அச்சிட்ட கேட்டலாக், கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்தது என்று சொல்கிறது. நம்மிடம் வருவது அந்தக் கார் இல்லை. ஐம்பது, அறுபது வருடத்தில் நாலைந்து கை மாறி, கிடைத்த எஞ்சினும் கிடைத்த ஆக்ஸிலும் ஏறி, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் கார். கம்ப்யூட்டரில் நான் ஏற்றியது முதல் காரை. பெரியவரின் பென்சிலில் இருந்தது இரண்டாவது கார். எங்களுக்குச் சோறு போடுவது இரண்டாவதுதான்.

மேலாளரிடம் போய்ப் பின்பக்கத்தையும் ஏற்ற வேண்டும் என்றேன். மென்பொருளில் குறிப்புக்கென்று ஓர் இடம் இருந்தது, ஆனால் கொஞ்சம் எழுத்துதான் பிடிக்கும். அதுவும் பில் போடும் திரையில் வராது. அதை மாற்றித் தரச் சொல்லி வாங்கவே பல வாரம் போனது. பெரியவர் முதலில் ஒத்துழைக்கவில்லை. தன்னை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு என்று நினைத்தார். அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை, எங்களில் யாரும் அதுவரை அவரிடம் உட்கார்ந்து விளக்கியதில்லை. பிறகு தினமும் மதியம் இரண்டு மணி நேரம், அவர் படிப்பார், நான் அடிப்பேன்.

எத்தனை விஷயம் இருந்தது அதில்! ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு அவருடைய குறிப்பு: ஆகஸ்டிலேயே அடுத்த வருட மாடல் தொடங்கிவிடும். 1967 வண்டி என்று ஒருவர் சொன்னால் அது 67 மாடலாகவும் இருக்கலாம், 68 மாடலாகவும் இருக்கலாம். சேஸிஸ் நம்பர் 117-ல் தொடங்குகிறதா, 118-லா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எம்ஜிபி என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் மின்பாகங்களில் இன்னொன்று: 1967 இறுதிவரை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும், அதன் பிறகு நெகட்டிவ். அதற்குக் கீழே வேறொரு நாளில் எழுதிய வரி, “மாற்றிப் போட்ட வண்டி நிறைய. பேட்டரியில் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்.” எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரிதான் பாகம் கருகாமல் காப்பாற்றுவது.

எம்ஜி டிடி என்ற காரின் எஞ்சின் போல்ட் அட்டையைப் படிக்கும்போது அவர் முகமே மலர்ந்தது. ஆங்கிலேயக் கார்தான், ஆனால் போல்ட்டின் மரை மெட்ரிக், அதாவது மில்லிமீட்டர் அளவு. போல்ட்டின் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல அளவு ஸ்பேனருக்கு ஏற்றது. எம்ஜிக்கு எஞ்சின் செய்துகொடுத்த மாரிஸ் நிறுவனம் 1923-ல் வாங்கியது பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனியின் கோவென்ட்ரி எஞ்சின் ஆலை. அந்த ஆலையின் மெட்ரிக் மரை பல வருடம் தொடர்ந்து வந்தது. ஸ்பேனர் சரியாக உட்கார்ந்துவிடுகிறது என்பதற்காக வேறு போல்ட்டை இறுக்கி பிளாக்கின் மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. “தலையைப் பார்த்து ஏமாறாதே” என்று அட்டையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். நான் அதை அப்படியே, பெரிய எழுத்தில் ஏற்றினேன்.

பிறகு ஸ்கேனரும் வந்தது. யாரும் தயாரிக்காத பாகத்தை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து அச்சிடலாம். போர்ஷே 2018-ல் தன்னுடைய 959 காருக்கு, மொத்தமே 292 வண்டிகள்தான் தயாரானது, கிளட்ச் ரிலீஸ் லீவரை இந்த முறையில் செய்வதாக அறிவித்தது. எனக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனால் தேய்ந்த பாகத்தை ஸ்கேன் செய்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுக்கும். புதியதின் அளவு தெரிந்தால்தான் திருத்த முடியும். அந்த அளவுகள் எங்களிடம் சில பாகங்களுக்கு இருந்தன. பெட்டி பிரித்த அன்றே பெரியவர் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, அட்டையின் பின்னால் எழுதியவை.

ஏற்றும் வேலை முடியும் தறுவாயில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பாகம்) அட்டை வந்தது. பென்சில் முழுக்க அழிந்திருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். அழுத்தி எழுதிய தடம் மட்டும் இருந்தது, எழுத்து பிடிபடவில்லை. காலியாக விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போகக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

“காலியா விடாத. இங்க ஒரு குறிப்பு இருந்துச்சுன்னு போடு. அனுப்புறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.”

அடித்தேன்.