ரிவால்வருக்கும் லீவர் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா: 44 மேக்னம்ல வந்து நின்னாச்சு

கடைசித் தோட்டால புல்லட் அசையல! சிலிண்டர்ல மத்த அஞ்சையும் சுட்டுத் தீத்துட்டு, மார்க்கர்ல கோடு போட்டு வச்ச ஒண்ணே ஒண்ண வெளிய எடுத்து வெர்னியர் அளவுகோல்ல வச்சா, போடறப்ப என்ன நீளமோ அதே 1.600 இன்ச். அதே டப்பாலேர்ந்துதான் லீவர் ரைஃபிள் (கீழ இருக்கற லீவர ஆட்டித் தோட்டா ஏத்தற ரகம்) டியூப்லயும், அதாவது பேரலுக்குக் கீழ தோட்டாங்க வரிசையா நிக்கற குழாய்லயும் போட்டேன், அங்கயும் புல்லட் உள்ள இறங்கல. ரெண்டுலயும் ஒழுங்கா ஓடற 44 மேக்னம் தோட்டாவ நானே கட்டறது, ரொம்ப நாளா உயிர வாங்கின வேலை இது, சூட்டோட சூடா எழுதிடறேன்.

காலிபர் (எந்தத் தோட்டா அளவுங்கறது) எப்படி முடிவாச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இடுப்புல ஒண்ணு தோள்ல ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே தோட்டாங்கற ஆசை ஒண்ணும் புதுசு இல்ல, 1873 வின்செஸ்டர் ரைஃபிளோட வந்த 44-40 தோட்டாவ கோல்ட் கம்பெனி 1878லயே ரிவால்வர்ல போட்டு வித்தாச்சு. எனக்கும் மொதல்ல அதுமேலதான் கண்ணு. ஆனா அந்த கேஸுக்கு (பொடியும் புல்லட்டும் இருக்கற பித்தளைக் கூடு) மேல்பக்கம் லேசா ஒரு ஒடுக்கம் இருக்கு, வாய் வேற காகிதம் மாதிரி மெல்லிசு, ரீலோட் பண்றப்ப, அதாவது சுட்ட கேஸ்ல திரும்பப் பொடியும் புல்லட்டும் ஏத்தறப்ப, டைல (கேஸ அழுத்தி வடிவம் கொடுக்கற அச்சு) கொஞ்சம் கோணலா முட்டினாலும் நசுங்கிப் போயிடும். அமெரிக்கால ஒஹாயோ, அயோவா மாதிரி மாநிலங்கள்ல மானுக்கு ரைஃபிள்னா ஒடுக்கம் இல்லாத நேர்சுவர் கேஸ்தான்னு விதி வேற இருக்கு, அங்கெல்லாம் ஒடுங்கின கேஸத் தூக்கிட்டுப் போய் யாருக்கு விளக்கம் சொல்லிட்டு நிக்கறது.

45 கோல்ட்னு இன்னொரு பழைய தோட்டா, பேரக் கேட்டாலே ஒரு கிறக்கம் வரும், ஒத்துக்கறேன். ஆனா அதோட ஸ்டாண்டர்ட் அழுத்தம் 14,000 பிஎஸ்ஐ (சதுர இன்சுக்கு இத்தன பவுண்ட்), 44 மேக்னத்துக்கு 36,000. வேட்டைக்குத் தேவையான வேகம் வேணும்னா கனமான துப்பாக்கிக்குன்னு தனியா ஏத்தின தோட்டா போடணும், அது பழைய மாடல் ரிவால்வர்ல தப்பித்தவறி போயிட்டா சிலிண்டர் பிளந்துடும். வீட்டுல ஒரே பேர்ல ரெண்டு ரக டப்பா வச்சுக்க நான் தயாரா இல்ல. இன்னொரு சங்கதி, படத்துல கௌபாய் கையில காட்டற மாதிரி 45 கோல்ட் லீவர் ரைஃபிள் அந்தக் காலத்துல கிடையவே கிடையாது, கேஸோட அடி விளிம்பு, அதான் ரிம், அவ்ளோ சின்னதா இருந்துச்சு, கேஸ வெளிய இழுக்கற எக்ஸ்ட்ராக்டருக்குப் பிடி கிடைக்காது. இப்ப வர்ற கேஸ்ல அந்தத் தொல்லை இல்ல.

நெசமான போட்டி 357 மேக்னத்துக்கும் 44 மேக்னத்துக்கும்தான். 357 மேல எனக்கு மரியாதை உண்டு. 1935ல வந்தது, 38 ஸ்பெஷல் தோட்டாவையும் அதே சேம்பர்ல (தோட்டா உக்கார்ற அறை) போட்டுக்கலாம், பிராக்டீஸுக்கு அதவிட சிக்கனம் எதுவும் இல்ல. 158 கிரெய்ன் எடை புல்லட் ரிவால்வர்ல விநாடிக்கு 1250 அடி போறது ரைஃபிள்ல கிட்டத்தட்ட 1800 அடிக்குப் போயிடும், அதாவது ஆற்றல் 550 அடி-பவுண்ட் கிட்ட இருந்து 1100க்கு மேல, டபுள். ரைஃபிளா மட்டும் வச்சுக்கிட்டா மானுக்கு 100 யார்டு வரைக்கும் தாராளம். வம்பு ரிவால்வர் பக்கம்தான். கொலராடோல பெரிய மிருகத்துக்குக் கைத்துப்பாக்கின்னா 50 யார்டுல 550 அடி-பவுண்ட் இருக்கணும்னு சட்டம், 357 பேரல் வாசல்லயே 550ன்னா 50 யார்டுல எங்க நிக்கும். நம்ம எடத்துல சட்டம் இல்லைன்னாலும் அந்தக் கணக்குல நியாயம் இருக்கு, காட்டுப்பன்றி தோள்ல இருக்கற அந்தத் தடிச்ச தோல நெனச்சா இன்னும் நியாயம்.

44ல 240 கிரெய்ன், நீளமான ரிவால்வர் பேரல்ல 1350 அடி, ரைஃபிள்ல 1750 அடி. 970லேர்ந்து 1600 அடி-பவுண்டுக்குப் போகுது. 150 யார்டுக்கு மேல கல்லெறிஞ்ச மாதிரி தொபுக்குன்னு விழும், ஆனா நான் உக்கார்ற எடத்துல அவ்ளோ தூரம் கண்ணே எட்டாது. உதை அதிகம்தான், கை பழகற வரைக்கும் உதை கம்மியான, கேஸ் குட்டையான 44 ஸ்பெஷல் போட்டு சுடலாம், அதுக்கப்புறம் சேம்பர்ல படியற கரி வளையத்த மட்டும் பிரஷ் போட்டு எடுத்துடுங்க, இல்லைன்னா மேக்னம் கேஸ் உள்ள போக அடம்பிடிக்கும்.

புல்லட் விஷயத்துல நெறய பேர் கவனிக்கறதில்ல. ஒரே புல்லட் ரெண்டு வேகத்துல போய் அடிக்கப் போகுது. ரிவால்வர் வேகத்துல அழகா விரியற லேசான ஹாலோ பாயிண்ட் (மூக்குல குழி வச்சது) ரைஃபிள் வேகத்துல தோலுக்கு அடியிலயே சிதறிடும், உள்ள இறங்காது. அதனால தட்டையான மூக்கு வச்ச 240 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட் (மூக்குல மட்டும் ஈயம் வெளிய தெரியறது). டியூப்ல ஒண்ணோட மூக்கு முன்னாடி இருக்கறதோட ப்ரைமர்ல (பொடியப் பத்த வைக்கற அடி மூடி) முட்டிக்கிட்டு நிக்கும், கூரா இருந்தா குத்தி வெடிச்சுடலாம், அங்க கூர்மூக்குக்கு எடமே இல்ல, இது தெரிஞ்ச விஷயம்தான். ரப்பர் மாதிரி மெத்துன்னு முனை வச்சு வர்ற கூர்மூக்குன்னா போடலாம்.

சரி, கிரிம்ப், அதாவது புல்லட் நகராம இருக்க கேஸ் வாய உள்பக்கமா மடிக்கறது.

ரிவால்வர்ல ஒவ்வொரு சுடுக்கும் துப்பாக்கி பின்னாடி ஓடுது, ரிம் கேஸப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது, கனமான புல்லட் இருந்த எடத்துலயே நிக்கப் பாக்குது. விளைவு, சுடாம மிச்சம் இருக்கற தோட்டால புல்லட் கொஞ்சம் கொஞ்சமா வெளிய நீளும், ஒரு கட்டத்துல சிலிண்டர் முகத்தத் தாண்டி எட்டிப் பாத்துச்சுன்னா சுத்தாது, பூட்டு போட்ட மாதிரிதான். ரைஃபிள் டியூப்ல நேர் எதிர். ஸ்பிரிங் முன்னாடிலேர்ந்து அமுக்குது, உதைல தோட்டாங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குது, புல்லட் கேஸுக்குள்ள அமுங்கும். அமுங்கினா அழுத்தம் ஏறும், நீளம் குறைஞ்சு, தோட்டாவ சேம்பருக்குத் தூக்கற லிஃப்டர்லயும் ஒழுங்கா ஏறாது. ஒருத்தன் இழுக்கறான், ஒருத்தன் தள்றான், நடுவுல பஞ்சாயத்து பண்றது கேஸ் வாய்ல இருக்கற அந்த மெல்லிசு மடிப்பு ஒண்ணுதான்.

கிரிம்ப் லூசா இருந்தா இன்னொண்ணும் நடக்கும், எச் 110 மாதிரி மெதுவா எரியற பொடி சரியாப் பத்தாம பாதி மஞ்சளா பேரல்லயே கிடக்கும். அப்ப டைய இறக்கி நல்லா நசுக்கிடலாமேன்னு தோணும். நசுக்கினா வாய்க்குக் கீழ கேஸ் உப்பும், கண்ணுக்குத் தெரியாது, விரல ஓட்டினா மட்டும் லேசா ஒரு மேடு தட்டும். அந்த மேடு ரிவால்வர் சேம்பர்ல வழுக்கிட்டுப் போயிடும், ரைஃபிள் சேம்பர் வாய்ல போய் நின்னுக்கும். லீவர் முக்கால்வாசி மூடி நிக்கறப்ப வர்ற கடுப்பு இருக்கே.

தீர்வு கிரிம்ப் டைல இல்ல, கேஸ ஒரே நீளத்துக்கு வெட்டற டிரிம்மர்ல இருந்துச்சு. 44 கேஸுக்கு உச்ச நீளம் 1.285 இன்ச், வெட்ட வேண்டியது 1.275. நேர்சுவர் கேஸ் நீளாது, டிரிம் வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. சேஃப்டிக்கு வேணா வேண்டாம், கிரிம்புக்கு கட்டாயம் வேணும். ஒரே பையில வாங்கின பிராஸே (காலி கேஸ்) ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, ஒரே டை செட்டிங்ல நீளமானது நசுங்குது, குட்டையானது பிடிக்கவே இல்ல. எல்லாத்தையும் ஒரே அளவுக்கு வெட்டி, உள்பக்கம் லேசா சேம்ஃபர் அடிச்சு (வாய் விளிம்ப சரிச்சு), புல்லட் இறக்கறத ஒரு ஸ்டேஷன்லயும் கிரிம்ப் போடறத தனி ஸ்டேஷன்லயும் பிரிச்சேன். ரெண்டையும் ஒரே டைல பண்ணினா புல்லட் இறங்கிக்கிட்டே இருக்கறப்ப வாய் மடியும், உப்பறது அங்கதான். இப்ப மடிப்பு புல்லட்டச் சுத்தி ஓடற கேனல்யூர் பள்ளத்துக்குள்ள முழுசா உக்காருது, நகத்தால சுரண்டினா விளிம்பு தட்டல.

செக் பண்ண மேல சொன்ன அதே வழிதான், மத்ததெல்லாம் சுட்டுட்டு கடைசி ஒண்ண அளக்கறது. தோட்டா மாத்தினா, பிராஸ் பிராண்ட் மாத்தினா, திரும்பப் பண்ணிடுங்க.

பிராஸ் வித்த ஆளப் பத்தி ஒரு வார்த்தை. ஒருதடவ சுட்டதுன்னு சொல்லி அனுப்பினான், பாதில ப்ரைமர் உக்கார்ற பாக்கெட் தொளதொளன்னு கிடக்கு. இனிமே புதுசுதான்.

அடுத்தது 300 கிரெய்ன் ஈய வார்ப்பு புல்லட், அடில கேஸ் செக்குங்கற உலோகத் தொப்பி போட்டு. அதுல ஒரு சிக்கல், என்னோடது பழைய மார்லின் 1894, 44ல ட்விஸ்ட், அதாவது புல்லட்டச் சுழல வைக்கற பேரல் வரி, 38 இன்சுக்கு ஒரு சுத்து. அந்த மெதுவான சுத்துக்கு நீளமான கனத்த புல்லட் தள்ளாடும். இப்ப மார்லினச் செய்யற ரூகர் கம்பெனி அத 20 இன்சுக்கு மாத்திட்டான்னு தெரியும், அதுக்காக இன்னொரு ரைஃபிள் வாங்கப் போறதில்ல, மோல்டுதான் 265 கிரெய்ன்லயும் கிடைக்குதே. அதுக்கு முன்னாடி 240ஐ ரைஃபிள்ல 100 யார்டுக்கு ஜீரோ பண்ணி (குறி சரிபண்ணி) முடிக்கணும், பீப் சைட்டோட (ஓட்டை வழியா குறி பாக்கறது) சின்ன ஸ்க்ரூ ஒண்ணு எங்கயோ உருண்டுடுச்சு, அது வர்ற வரைக்கும் வெயிட்டிங்.