மூணே முக்கால் பஸ்ஸை விட்ட நாளிலிருந்து

முதல் செமஸ்டர் முழுக்க எனக்குக் கல்லூரி என்பது இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் வரும் ஓர் இடம், அவ்வளவுதான். எங்கள் ஊர் கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம், வேலந்தாவளத்துக்குப் பக்கம். காலை ஏழே காலுக்கு ஏறி, கொழிஞ்சாம்பாறையில் மாறி, நல்லேபிள்ளி, சித்தூர் எல்லாம் தாண்டி (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்) கல்லூரி வாசலில் இறங்குவேன். மூன்றரைக்கு மணி அடிக்கும். மூணே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தே கால். அதில் போனால் வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும், அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். அதனால் மணி அடித்ததும் ஓட்டம்தான்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். வீட்டில் தமிழ், கடையில் தமிழ், எங்கள் பக்கம் அரசு ஆபீஸில்கூட மனுவைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மலையாளம் நன்றாகப் புரியும், வாசிக்கவும் செய்வேன். ஆனால் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினால் "தமிழா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்டவர்கள் குறைவு. இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அப்புறம் பேச்சு அப்படியே நின்றுவிடும். நானும் டிபன் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

2022-ல் பி.காம். சேர்ந்து 2025-ல் முடித்தேன். முடிக்கும்போது என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) வாலண்டியர் செகரட்டரிகளில் ஒருத்தியாகவும் கல்லூரி மேகஸின் குழுவில் ஒருத்தியாகவும் இருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள் பலர் மூன்று வருஷத்தையும் என் முதல் செமஸ்டர் மாதிரியே கழித்துவிட்டு டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு மழை. பஸ் போய்விட்டது. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே ஏழெட்டுப் பேர் பழைய நியூஸ்பேப்பரைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு என்.எஸ்.எஸ். சார்பில் வீடு கட்டுகிறார்கள், அதற்குப் பணம் சேர்க்கப் பேப்பர் எடைக்குப் போடுகிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு சேச்சி என்னைப் பார்த்து, "மோளே, இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தேன். ஐந்தே கால் பஸ் வரும்வரை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தோம். யாரும் என்னை எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்கவில்லை. முடிச்சு இறுகினதா என்று மட்டும் பார்த்தார்கள்.

மறுநாள் நானே போய் புரோகிராம் ஆபீஸர் சாரைப் பார்த்தேன். ஒரு யூனிட்டுக்கு 100 பேர், பெயர் எல்லாம் சேர்த்தாகிவிட்டது என்றார். "யாராவது விலகினால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார், அதுவரைக்கும் சும்மா வேலை செய்கிறேன்" என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் இடம் கிடைத்தது. இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். எந்த கிளப்பில் சேரலாம் என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தால் வருஷம் ஓடிவிடும். என்ன வேலை இருக்கிறது என்று போய்க் கேளுங்கள். பாட்டு, டான்ஸ் எதுவும் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. எனக்கும் தெரியாது.

என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது. கணக்கு எளிது: வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் கேம்ப் ஒன்று. இதை முடித்தால்தான் சர்டிபிகேட், கிரேஸ் மார்க் எல்லாம். மணிக்கணக்கை டைரியில் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என்.எஸ்.எஸ். வேலைக்காக வகுப்புக்கு வராத நாளை வந்ததாகவே கணக்கில் வைக்கும் ட்யூட்டி லீவும் அப்படித்தான். வேலை முடிந்த அன்றே ஃபார்ம் கொடுக்க வேண்டும். நான் ஒரு முறை மூன்று நாள் சீட்டைப் பையிலேயே வைத்திருந்து தொலைத்துவிட்டேன். 75 சதவீதம் அட்டெண்டன்ஸுக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு முக்கியம் என்று செமஸ்டர் கடைசியில் தெரிந்தது.

செப்டம்பர் 24 என்.எஸ்.எஸ். தினத்தன்று ரத்ததான முகாம் நடந்தது. 45 கிலோவாவது இருந்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். நான் 43. திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று பதிவு மேஜையில் உட்கார்ந்தேன். பெயர், வயது, ரத்த வகை என்று கேட்டுக் கேட்டு எழுதியதில், அதுவரை பார்க்காத முகங்களை எல்லாம் அந்த ஒரே நாளில் பார்த்தேன். என் மலையாளம் அன்றைக்குத்தான் வாயைவிட்டு வெளியே வந்தது.

வீட்டைச் சமாளிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. டிசம்பரில் கேம்ப், ஏழு நாள் தங்க வேண்டும், அப்பா கையெழுத்து வேண்டும். "பொம்பளப் புள்ள ஏழு நாள் வெளிய தங்கறதா?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் சண்டை போடவில்லை. அதற்கு முந்தைய மாதம் அந்த வீடில்லாத குடும்பத்துக்கு வீடு கட்டப் பணம் சேர்க்கப் பிரியாணி சேலஞ்ச் வைத்தோம். முன்கூட்டியே பொட்டலத்துக்கு ஆர்டர் எடுத்து, ஒரே நாளில் சமைத்துக் கொடுப்பது. எங்கள் ஊரில் மட்டும் 42 பொட்டலம் எடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் இரண்டு சாக்குப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். சூடு ஆறுவதற்குள் வீடு வீடாகக் கொடுக்க வேண்டுமே. அப்பா ஒன்றும் பேசாமல் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்தார். தோப்பு வேலைக்காரர்கள் வரைக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, யாருக்கு வீடு, எத்தனை சதுரம், கூரை என்ன என்று எல்லாம் என்னிடம் கேட்டார். அடுத்த வாரம் சாரும் ஒரு டீச்சரும் போனில் பேசினார்கள். டீச்சர் தனக்குத் தெரிந்த தமிழில், "அண்ணா, நான் ராத்திரியும் பிள்ளைங்க கூடத்தான் இருப்பேன்" என்றார். கையெழுத்து விழுந்தது.

அந்தக் கேம்பில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லையோரம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஒரு கிராமம். கேரளாவில் பஞ்சாயத்துகளின் பாலியேட்டிவ் நர்ஸ்கள் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். ஒரு நாள் எங்களில் நான்கு பேர் அந்த நர்ஸோடு ஜீப்பில் போனோம். ஒரு வீட்டில், தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் அசைவில்லாமல் போன பெரியவர். வாட்டர் பெட்டில் படுத்திருந்தார். நர்ஸ் அவரை ஒருக்களித்துத் திருப்பி முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தார். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு அம்மாளுக்குச் செய்து காட்டினார்.

நர்ஸ் சேச்சி வேலைக்குப் புதிது, வேறு மாவட்டம். எங்களோடு வந்த ஒற்றப்பாலத்துக்காரி ஒருத்தி நோட்டில் குறித்துக்கொண்டாள். "தோள்பட்டை வலிக்குது" என்றார் பெரியவர். அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். தோள் இழுக்கிறது என்று எழுதியிருந்தாள். மலையாளத்தில் வலிக்க என்றால் இழுக்க. வலியை அவர்கள் வேதனை என்பார்கள். நான் குறுக்கே புகுந்து சொன்னேன். நர்ஸ் உடனே என் பக்கம் திரும்பி, எப்படிப்பட்ட வேதனை, கடச்சிலா, புகச்சிலா என்று கேட்டார். நான் பெரியவரிடம், "தாத்தா, கடுக்குதுங்களா, எரியுதுங்களா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பகல்ல கடுக்குது அம்மணி. ராத்திரி ஆனா சுருக் சுருக்குனு குத்துது. சொன்னா இவங்களுக்குப் புரியாதுன்னு விட்டுட்டேன்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டால் ஆடி மாசத்திலிருந்து என்றார். நாங்கள் போனது மார்கழி.

திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் அதிகம் பேசவில்லை. ஒற்றப்பாலத்துக்காரி மட்டும் நோட்டைத் திறந்து, கடுக்குது, குத்துது, எரியுது, இழுக்குது என்று மலையாள எழுத்தில் வரிசையாக எழுதி, எதிரே அர்த்தம் கேட்டாள். கேம்ப் முடிந்த பிறகும் மாதம் இரண்டு சனிக்கிழமை அந்த ஜீப்பில் போனோம். அவள்தான் இன்றைக்கும் என் நெருங்கிய சிநேகிதி.

தேர்தல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளக் கல்லூரிகளில் யூனியன் தேர்தல் ஒரு திருவிழா. சேர்மன், ஜெனரல் செகரட்டரி, ஃபைன் ஆர்ட்ஸ் செகரட்டரி, மேகஸின் எடிட்டர், பல்கலைக்கழக யூனியன் கவுன்சிலர், டிபார்ட்மெண்ட் அசோசியேஷன் செகரட்டரி என்று பதவிகள் பல. 2006-ல் வந்த லிங்டோ கமிட்டி விதிப்படி அரியர் இருக்கக் கூடாது, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேண்டும், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் ஒட்டக் கூடாது. கையால் எழுதிய போஸ்டர் மட்டும்தான். இது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது. பணமும் வேண்டாம், பழகின ஆள்பலமும் வேண்டாம், கையெழுத்து அழகாக இருந்தால் போதும், எல்லாரும் தேடி வருவார்கள். நான் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. போஸ்டர் எழுதினேன், அதில் பாதியைத் தமிழில் எழுதச் சொன்னதே வேட்பாளர்கள்தான். எங்கள் பஸ் வழியில் வரும் ஓட்டு அவ்வளவு இருந்தது. இருந்தாலும் ஒரு கட்சிக்கு எழுதினால் மற்றவர்கள் முகம் திருப்புவார்கள். அதை முன்பே தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

மேகஸின் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எடிட்டராக ஜெயித்தவரிடம் எட்டுப் பக்கம் தமிழுக்கு வேண்டும் என்று கேட்டேன். "மேட்டர் நீ கொண்டு வந்தால் பக்கம் நான் தருகிறேன்" என்றார். பஸ்ஸிலேயே கதை கேட்டேன், கவிதை கேட்டேன். முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் கேட்கிற விதத்தை மாற்றினேன். உங்கள் பாட்டி சொன்ன பழமொழி பத்து, உங்கள் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி, யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். கிணறு பற்றி மட்டும் பதினோரு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

ப்ரெஸ்ஸில் கொடுத்து முதல் புரூஃப் வந்தபோது அழுகையே வந்துவிட்டது. அவர்கள் மலையாள ஃபாண்டில் பழகினவர்கள். தமிழ் ஃபைலைத் திறந்ததும் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகக் கிடந்தன. கொழிஞ்சாம்பாறை என்ற வார்த்தையே படிக்க முடியவில்லை. இரண்டு சனிக்கிழமை நானே போய் டைப் அடிக்கிற அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, யூனிகோடு ஃபாண்டை ஏற்றி, பக்கத்தைப் படமாக மாற்றி ஒட்ட வைத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கடைசிப் பக்கத்தில், "இந்த ஒற்றெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போச்சே" என்று அவரேதான் கண்டுபிடித்தார்.

மேகஸின் வெளியான அன்று எட்டுப் பக்கத்தையும் பஸ்ஸில் ஆளுக்காள் கைமாற்றிப் படித்தார்கள். அதில் முதல் வருஷப் பெண் ஒருத்தி, வடகரப்பதிக்காரி, என்னிடம் கேம்ப் ஃபார்மைக் காட்டி, "அக்கா, வீட்டுல விட மாட்டேங்கறாங்க" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஒற்றப்பாலத்துக்காரியும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா இரண்டு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, எங்களை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். ஃபார்மை வாங்கி அலமாரியில் வைத்தார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவள் அதை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.