கையால் தொடங்கினால் ஓடும், சர்வர் எழுந்தால் ஓடாது

சர்வர் பராமரிப்பு வேலையில் நான் அதிகம் கேட்டது, "நான் ஓட்டிப் பார்த்தேனே, நன்றாகத்தான் ஓடுகிறது" என்ற பதில்தான். சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருடைய டெர்மினலில் உண்மையிலேயே ஓடுகிறது. ஆனால் ரீபூட் ஆன பிறகு அதே சர்வீஸ் எழுந்திருக்காது, லாகில் ஜாவா கிடைக்கவில்லை என்றோ டேட்டாபேஸ் முகவரி காலி என்றோ ஒரு வரி மட்டும் இருக்கும். தேடிக்கொண்டே போனால் பெரும்பாலும் சூழல் மாறிகளில்தான், அதாவது ப்ரோகிராம் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் பெயர்-மதிப்பு ஜோடிகளில்தான், போய் நிற்போம்.

நாம் லாகின் செய்யும்போது ஷெல், அதாவது டெர்மினலில் நம் கமாண்டுகளை ஏற்று ஓட்டும் ப்ரோகிராம், ப்ரொஃபைல், பேஷ்ஆர்சி என்ற கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து பாத் (ப்ரோகிராம்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்), ஜாவா ஹோம், ப்ராக்ஸி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிடுகிறது. லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸுக்கு லாகினும் இல்லை, ஷெல்லும் இல்லை, அதனால் அந்தக் கோப்புகளை யாரும் அதற்காகப் படிப்பதில்லை. ஈடிசி அடைவில் இருக்கும் என்விரான்மென்ட் கோப்பில் எழுதினால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதைப் படிப்பது லாகினைச் சரிபார்க்கும் பிஏஎம், அதுவும் லாகின் செய்பவர்களுக்காக. சர்வீஸுக்குக் கிடைக்கும் பாத்தில் சிஸ்டத்தின் வழக்கமான பின், எஸ்பின் அடைவுகள் மட்டும்தான் இருக்கும். உங்கள் ஹோம் அடைவுக்குள் நிறுவிய நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ப்ரோகிராம்) அதன் கண்ணில் படவே படாது.

சிஸ்டம்டிக்கு முன், சர்வீஸ்களை ஷெல் ஸ்கிரிப்டுகளால் தொடங்கிய பழைய இனிட் ஸ்கிரிப்ட் காலத்தில் இது இன்னும் குழப்பம். ஸ்கிரிப்டை ரூட்டாக நேரடியாக ஓட்டினால் அந்த ஷெல்லில் இருந்ததெல்லாம், யாரோ வேறு வேலைக்காக எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் போன ப்ராக்ஸி உட்பட, சர்வீஸுக்குள் போய்விடும். அதையே சர்வீஸ் கமாண்ட் வழியாகத் தொடங்கினால் அது மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் ஸ்கிரிப்டைக் கூப்பிடும். ஸ்கிரிப்ட் ஒன்றுதான், நடத்தை இரண்டு. சிஸ்டம்டியில் கையால் ஸ்டார்ட் கொடுத்தாலும் சரி, பூட்டில் தானாகத் தொடங்கினாலும் சரி, ப்ராசஸை உருவாக்குவது சிஸ்டம்டியாகிய 1-ஆம் எண் ப்ராசஸ்தான், நம் ஷெல்லில் இருப்பது அதற்குள் கசியாது. ஆரம்பத்தில் இதை எரிச்சலோடு பார்த்தவர்கள் நிறைய. எனக்கு இது பெரிய நிம்மதி.

நிஜமான சிக்கல் பழைய ஸ்கிரிப்டுகளை யூனிட் ஃபைலாக, அதாவது சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பாக, மாற்றும்போது வரும். டெபியனில் ஈடிசிக்குள் டிஃபால்ட் அடைவு, ரெட் ஹாட்டில் சிஸ்கான்ஃபிக் அடைவு, அங்கே மாறிகள் எழுதியிருக்கும் கோப்பை அப்படியே யூனிட்டின் என்விரான்மென்ட்ஃபைல் வரியில் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். முன்பு அதைப் படித்தது ஷெல், இப்போது படிப்பது சிஸ்டம்டி. முன்னால் எக்ஸ்போர்ட் என்று போட்ட வரியை அது செல்லாது என்று தள்ளிவிடும். ஒரு மாறிக்குள் இன்னொரு மாறியைக் குறித்தால் விரிக்காது, பாத்தின் பின்னால் ஓர் அடைவைச் சேர்க்கும் வழக்கமான வரி டாலர் குறியோடு எழுத்து மாறாமல் உள்ளே போகும். நான் பார்த்ததிலேயே கண்டுபிடிக்கக் கஷ்டமான வகை, கடவுச்சொல்லுக்குள் டாலர் குறி வருவது. சர்வீஸ் அதை உள்ளபடி எடுத்துக்கொள்ளும்; அதே கோப்பை ஷெல்லில் சோர்ஸ் செய்யும் (கமாண்டுகளாகப் படித்து ஓட்டும்) பேக்கப் ஸ்கிரிப்ட் டாலருக்குப் பின்னால் இருப்பதை ஒரு மாறி என்று நினைத்துத் தின்றுவிடும். ஒரு கோப்பு, இரண்டு கடவுச்சொல்! ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் இருவரும் ஒரே மாதிரி படிப்பார்கள்.

இதற்கெல்லாம் பயந்து யூனிட்டிலேயே பேஷை லாகின் ஷெல்லாகக் கூப்பிட்டு அதற்குள் ப்ரோகிராமை ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. ப்ரொஃபைலில் யார் எதை மாற்றினாலும் சர்வீஸ் மாறிவிடும், நாம் எதிலிருந்து விடுபட்டோமோ அதுவே திரும்பி வருகிறது. கணக்குப் போட்டுத்தான் மதிப்பு வைக்க வேண்டும் என்றால் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள், ஆனால் அதன் கடைசி வரி எக்ஸெக் ஆக இருக்கட்டும், அது ஷெல்லின் இடத்திலேயே ப்ரோகிராமை உட்காரவைக்கும். இல்லாவிட்டால் மெயின் ப்ராசஸ் என்று சிஸ்டம்டி பிடித்துவைத்திருப்பது அந்த ஷெல்லை, ரீலோட் சிக்னலும் அதற்குத்தான் போகும்.

எந்த மதிப்பு உண்மையில் உள்ளே போயிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் யூனிட் ஃபைலைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம். ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே என்விரான் என்ற கோப்பு இருக்கிறது, தொடங்கும்போது என்ன கிடைத்ததோ அது அப்படியே அதில் இருக்கும். யூனிட் ஃபைலை மாற்றினால் அவற்றை மறுபடி படிக்கச் சொல்லும் டீமன் ரீலோட் வேண்டும். என்விரான்மென்ட்ஃபைல் காட்டும் கோப்பை மாற்றினால் ரீஸ்டார்ட் போதும்.

அப்புறம், கடவுச்சொல்லை யூனிட்டின் என்விரான்மென்ட் வரியில் நேரடியாக எழுதாதீர்கள். அந்த மெஷினில் லாகின் உள்ள சாதாரணப் பயனர்கூட சிஸ்டம்சிடிஎல் ஷோ கமாண்ட் போட்டு அதைப் பார்த்துவிடலாம். தனிக் கோப்பில் வைத்து, ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி கொடுத்தாலே போதும், சர்வீஸ் வேறு பயனராக ஓடினாலும் கோப்பைப் படிப்பது சிஸ்டம்டி என்பதால் சிக்கல் வராது. ஆனால் மாறியாகப் போனது குழந்தை ப்ராசஸ்களுக்கும் இறங்கும். அதனால் ப்ரோகிராமால் கோப்பிலிருந்து படிக்க முடியும் என்றால் 2020-ல் சிஸ்டம்டியின் 247-ஆம் பதிப்பில் வந்த, ரகசியத்தை மாறியாக இல்லாமல் கோப்பாகக் கொடுக்கும் லோட்கிரெடென்ஷியலைத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன்.