அடங்கலில் மரவள்ளி, தோட்டத்தில் கத்திரி

வாழப்பாடிப் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம். ஏழு ஆண்டுகளாக ரசாயன உரமோ மருந்தோ இல்லை, பஞ்சகவ்யமும் பத்திலைக் கசாயமும்தான். ஆனாலும் தலைவாசல் மார்க்கெட்டில் என் கத்திரிக்காய்க்கும் பக்கத்து மூட்டைக்கும் ஒரே விலை. சேலத்தில் ஓர் அங்காடிக்காரர் காயை உடைத்துப் பார்த்துவிட்டு, "காய் அருமை அண்ணா. சான்றிதழ் இல்லாமல் இயற்கை என்று எழுதி வைத்தால் வம்பு எனக்குத்தான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. 2017-ல் வந்த விதிப்படி, சிறு விவசாயி தானே நேரடியாக வாங்கிச் சாப்பிடுகிறவரிடம் விற்றால் சான்று தேவையில்லை. கடை வழியாகப் போனால் தேவை. உழவர் சந்தையில் தினமும் உட்கார எனக்கு ஆள் இல்லை.

ஐந்து பேராவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் பி.ஜி.எஸ். முறைதான் செலவு குறைவு. நான்கு பேர் தேறினோம். ஐந்தாமவர், "களைக்கொல்லியை மட்டும் விட முடியாது மாப்பிள்ளை" என்று கைவிரித்துவிட்டார். ஆகவே இயற்கைச் சான்றிதழுக்குத் தனியாளாக விண்ணப்பித்தேன்.

மண், தண்ணீர் பரிசோதனை, தோட்ட வரைபடம், பயிர்த் திட்டம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கலில்தான் மாட்டிக்கொண்டேன். விண்ணப்பத்தில் கத்திரி, வெண்டை, அடங்கலில் மரவள்ளி! கிழங்கு போட்டிருந்த காலத்துப் பதிவை யாரும் மாற்றவில்லை. "உங்கள் தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் கிழங்குதான் இருக்கிறது" என்று எழுத்தர் தலை நிமிராமல் சொன்னார். அதைத் திருத்த மூன்று நடை. இரண்டாம் நடையில் அதிகாரி வெளியே போயிருந்தார்; அன்றைய வெண்டை பறிக்காமல் முற்றிப்போனது. விண்ணப்பிக்கும் முன்பே அடங்கலை வாங்கி ஒருமுறை படித்துவிடுங்கள். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் இன்னும் முன்னதாக.

ஆய்வுக்கு வந்தவர் பயிரைவிடக் கொட்டகையைத்தான் அதிக நேரம் பார்த்தார். ஓலையிடுக்கில் செருகியிருந்த காலி விதைப் பொட்டலத்தை உருவி, உள்ளங்கையில் தட்டினார். ரோஸ் நிறப் பொடி கொட்டியது. பூஞ்சாண மருந்து பூசிய வெண்டை விதை. வாங்கும்போது எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நல்ல வேளை, சான்றுக்குப் பதிவதற்கு முந்தைய பருவத்தில் வாங்கியது என்று காட்ட ரசீது கையில் இருந்தது. இல்லையென்றால் அங்கேயே முடிந்திருக்கும். இப்போது விதை ரசீது, எரு வாங்கிய சீட்டு, பறித்த எடை எல்லாம் ஒரு நோட்டில் ஏறுகின்றன. பக்கத்துத் தோட்டத்து மருந்துச் சாரல் வராமல் வரப்போரம் அகத்தி நட்டிருக்கிறேன்.

என் ஏழு ஆண்டுகள் மட்டும் கணக்கில் வரவில்லை. "எழுத்தில் காட்டுங்கள்" என்றார் ஆய்வுக்கு வந்தவர், காட்ட ஒன்றுமில்லை. முதல் ஆண்டிலேயே நோட்டு போட்டிருக்கலாம், யார் சொன்னார்கள்? காய்கறி போன்ற பருவப் பயிருக்கு, ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறக் காத்திருக்க வேண்டிய மாறுதல் காலம் இரண்டு ஆண்டு. வரும் ஐப்பசியில் அது நிறைகிறது. அதற்குப் பின் விதைப்பதற்குத்தான் முழுச் சான்று என்பதால் கத்திரி நாற்றங்காலை இன்னும் தொடவில்லை. அங்காடிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.