ஏரி வேலையில் யார் பேச்சு எடுபடுகிறது? வேலூரில் வலைப்பின்னல் வரைந்த அனுபவம்

வேலூர் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வார வேண்டுமென்றால் நீர்வளத் துறை, ஒன்றிய அலுவலகம், ஊராட்சி, பாசன சங்கம், மகளிர் குழுக்கள், கல்லூரி என்.எஸ்.எஸ்., எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்கள் என்று பெரிய கூட்டமே சேர வேண்டும். இதில் உண்மையில் யார் பேச்சு எடுபடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை எங்களிடம் வந்தது.

'யார் முக்கியம்?' என்று கேட்டால் எல்லாரும் கலெக்டர் என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஆய்வே வேண்டாம். அதனால், 'கடைசியாக வேலை நின்றபோது யாருக்கு போன் போட்டீர்கள்? தகவல் யாரிடமிருந்து வந்தது? பணம் யார் தந்தார்கள்?' என்று கேட்டோம். பதில்களை வைத்து யாருக்கு யாரோடு தொடர்பு என்று வலைப்பின்னல் படமாக வரைந்தோம்: தகவல், பணம், அனுமதி மூன்றுக்கும் தனித்தனி நிறத்தில் கோடு.

ஈவா ஷிஃபர் உருவாக்கிய நெட்-மேப் முறையில், அமைப்புகளின் பெயர்ச் சீட்டுகளைப் பரப்பி, செல்வாக்குக்கு ஏற்பக் காய்களை அடுக்கச் சொல்வார்கள். நாங்கள் கேரம் காய்களைக் கொடுத்தோம். காட்பாடி பக்கம் பாசன சங்கப் பெரியவர் ஒருவர் நீர்வளத் துறைக்கு உயரமாக அடுக்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு மேலிருந்து இரண்டைக் கையில் எடுத்தார். "ஜே.சி.பி.காரருக்குச் சீட்டு இல்லையா? அந்த ஆளு வண்டி வுட்டாத்தான் சார் வேலையே" என்றார். உடனே ஒரு சீட்டு எழுதி வைத்தோம். பட்டியலைத் திறந்தே வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்புறம் எல்லாவற்றையும் எக்செலில் போட்டு, இலவசமாகக் கிடைக்கும், வலைப்பின்னலை வரைந்து கணக்கிடும் கெஃபி மென்பொருளில் ஏற்றினோம். கோடுகளின் எண்ணிக்கையில் ஒன்றிய அலுவலகம் முதலிடம். அதில் வியப்பில்லை. லிண்டன் ஃப்ரீமன் 1977இல் முன்வைத்த இன்னோர் அளவு உண்டு: மற்ற இருவருக்கு இடையிலான மிகக் குறுகிய வழிகளில் எத்தனை ஒருவர் வழியாகப் போகின்றன என்று பார்ப்பது. தகவல் கோடுகளில் அதைப் போட்டதும், நாலைந்து கோடு மட்டுமே உள்ள ஒரு சின்ன விவசாயிகள் குழு மேலே வந்துவிட்டது.

காரணம் பாலாறு. ஆறு வாணியம்பாடி வழியாக இறங்கி வேலூர், ராணிப்பேட்டை என்று ஓடுகிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் அலுவலகங்களும் தனித்தனியாகிவிட்டன. மேலே வெள்ளம் வந்தால் கீழே ஏரிக்காரர்களுக்குச் சொல்வது இந்தக் குழுதான்.

ஒன்று கவனிக்க வேண்டும். தாங்களே சொல்லிக்கொள்ளும் தொடர்பைவிட மற்றவர்கள் சொல்லும் தொடர்புக்குத்தான் மதிப்பு அதிகம். ஊரெல்லாம் தனக்குப் பழக்கம் என்ற ஓர் அமைப்பின் பெயரை வேறு யாருமே சொல்லவில்லை! பதில் தராமல் விட்டவர்கள் இருந்தால் இந்தக் கணக்கு சட்டென்று மாறிவிடும். எங்களுக்கும் ஓர் அலுவலகம் கடைசிவரை பதில் தரவில்லை. அதை அறிக்கையிலேயே எழுதிவிட்டோம்.

நிதி தந்தவர்கள் 'டாப் டென்' பட்டியல்தான் கேட்டார்கள். பட்டியலோடு இன்னொன்றும் சொன்னோம்: அந்தக் குழுவில் போன் எடுப்பவர் ஒரே ஆள். அவர் விலகினால் மூன்று மாவட்டத் தொடர்பும் அறுந்துவிடும். இப்போது கூட்டங்களுக்கு அவரோடு இன்னொருவரும் வருகிறார். பேருந்துச் செலவு எங்களுடையது.